ஒலிமட்ட மீட்டரைக் கணினியுடன் இணைக்க வேண்டும்: உள்ளே சிக்னலை எந்த இடத்தில் எடுப்பது?

மாறிலி:

வணக்கம். என்னிடம் கையடக்கமான ஒலிமட்ட மீட்டர் ஒன்று இருக்கிறது. 30 முதல் 130 டெசிபல் வரை மூன்று ரேஞ்சுகள், ஏ மற்றும் சி வெயிட்டிங் (அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஒலியைக் கூட்டிக் குறைத்துக் கணக்கிடும் முறைகள்), ஃபாஸ்ட், ஸ்லோ (மீட்டர் எவ்வளவு விரைவாக எதிர்வினை காட்டும் என்ற அமைப்புகள்) ஆகிய வழக்கமான வசதிகள் எல்லாம் உண்டு. 9 வோல்ட் பேட்டரியில் இயங்குகிறது. ஆனால் யூஎஸ்பி இணைப்போ, சிக்னலை வெளியே எடுக்கும் ஜாக்கோ அதில் இல்லை. படுக்கையறைச் சுவரை ஒட்டி வெளிப்புறத்தில் இயங்கும் ஒரு குளிர்பதன இயந்திரத்தின் இரைச்சல் இரவில் எந்த நேரத்தில் எவ்வளவு உயர்கிறது என்பதை எட்டு மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் என் தேவை. இரண்டு இரவுகள் மீட்டரின் முன்னால் உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறித்து வைத்தேன். இயந்திரம் கிளம்பும்போது முதல் சில நொடிகளில் எழும் உறுமல்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. அது அந்தக் குறிப்புகளில் ஒருமுறைகூட அகப்படவில்லை.

மீட்டரைத் திறந்து பார்த்தேன். மைக்கிலிருந்து வரும் இரண்டு மெல்லிய கம்பிகள், சில ஆப்-ஆம்ப் (சிக்னல் பெருக்கி) ஐசிகள், சிவப்பு மெழுகிட்டு அசையாமல் வைத்திருக்கும் ஒரு ட்ரிம்பாட் (திருகிச் சரிசெய்யும் மின்தடை), திரைக்குக் கீழே கறுப்புப் பிசினால் மூடிய ஒரு சிப் ஆகியவை இருக்கின்றன. போர்டின் ஓரத்தில் எதுவும் பொருத்தப்படாத மூன்று துளைகளும் உள்ளன. மைக் சிக்னலை நேரடியாக லேப்டாப்பின் மைக் உள்ளீட்டுக்குக் கொண்டுபோவதா, மீட்டர் கணக்கிட்டு முடித்த மின்னழுத்தத்தை எங்காவது பிடித்து ஆர்டுயினோ யூனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் போர்டு மூலம் படிப்பதா, அல்லது திரைக்குப் போகும் தகவலையே படிப்பதா என்று தெரியாமல் நிற்கிறேன். சாலிடரிங் நன்றாக வரும். அனலாக் சர்க்யூட் அறிவு நடுத்தரம்தான்.

செம்புத்தடம்:

மைக்கையும் லேப்டாப்பையும் நேரடியாக இணைக்கும் வழியை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். லேப்டாப்பின் மைக் உள்ளீடு தன் பங்குக்கு ஒரு சிறிய மின்னழுத்தத்தை வெளியே அனுப்பும். அது மீட்டரின் உள் சர்க்யூட்டுக்குள் புகுந்தால் அளவீடு மாறும். அதோடு, குரலைத் தெளிவாக்குவதற்காக இயங்குதளம் தானாகச் செய்யும் ஒலியேற்றமும் இரைச்சல் நீக்கமும் நமக்குப் பகை. நீங்கள் அளக்க விரும்புவதே இரைச்சல். அதைத்தான் அந்த மென்பொருள் அழிக்கப் பார்க்கும். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று நிறமாலை பார்க்க வேண்டியவர்களுக்கு மட்டுமே அந்தப் பாதை பயன்படும். அவர்களும் ஏ வெயிட்டிங்கைக் கணினியில் புதிதாகக் கணக்கிட வேண்டியிருக்கும்.

மீட்டருக்குள் வேலை நடக்கும் வரிசையைப் பாருங்கள். மைக், அதன் முன்பெருக்கி, ரேஞ்சு சுவிட்ச், வெயிட்டிங் ஃபில்டர், ஆர்எம்எஸ் மதிப்பை (ஆடும் சிக்னலின் பயனுறு அளவை) கண்டறியும் பகுதி, அதை மடக்கையாக மாற்றும் பகுதி, கடைசியில் எண்ணாக மாற்றிக் காட்டும் சிப். மடக்கையாக மாறிய பிறகு கிடைக்கும் டிசி மின்னழுத்தம்தான் உங்களுக்கு வேண்டியது. ஜாக் உள்ள மீட்டர்கள் பலவற்றில் அந்த வெளியீடு ஒரு டெசிபலுக்கு 10 மில்லிவோல்ட் என்ற கணக்கில் இருக்கும். அதாவது 60 டெசிபல் என்றால் 0.60 வோல்ட். ஜாக் உள்ள மாடலுக்கும் இல்லாத மாடலுக்கும் ஒரே போர்டைப் பயன்படுத்தும் தயாரிப்பாளர்கள் உண்டு. நீங்கள் சொல்லும் வெற்றுத் துளைகள் மூன்றும் ஜாக்குக்காக விடப்பட்டவையாக இருக்கலாம். அங்கிருந்தே தேடத் தொடங்குங்கள்.

தேடும் முறை எளிது. கணினி ஸ்பீக்கரில் 1000 ஹெர்ட்ஸ் தொனியைச் சீராக ஒலிக்கவிட்டு, திரையில் 60, 70, 80 என்று வரும்படி ஒலியைக் கூட்டிக்கொண்டே மல்டிமீட்டரால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுப் பாருங்கள். மடக்கைக்கு முந்தைய புள்ளியில் ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 3.16 மடங்காகப் பெருகும். மடக்கைக்குப் பிந்தைய புள்ளியில் ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒரே அளவு கூடும். சம அளவு கூடுகிற புள்ளி கிடைத்துவிட்டால், அதே ஒலியை வைத்துக்கொண்டு ரேஞ்சை மட்டும் மாற்றுங்கள். மின்னழுத்தம் மாறாமல் நின்றால் உங்களுக்கு நல்ல காலம். மாறினால், பதிவு முழுவதும் ஒரே ரேஞ்சில் பூட்டி வைக்க வேண்டும்.

அந்த ட்ரிம்பாட்டை மட்டும் தொடாதீர்கள். மீட்டரின் அளவுத்திருத்தம் முழுவதும் அந்த மெழுகுக்குக் கீழேதான் இருக்கிறது.

மெல்லொலி:

திரைக்குப் போகும் தகவலைப் படிப்பதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம் என்பது என் கருத்து. சில மீட்டர்களில் திரையை இயக்குவதற்கென்றே எச்டி1621 போன்ற தனி ஐசி ஒன்று இருக்கும். முதன்மைச் சிப்பிலிருந்து அதற்கு மூன்றே கம்பிகளில் தகவல் போகும்: தேர்வுக் கம்பி, எழுதும் துடிப்பு, தரவு. எழுதும் துடிப்பு தாழ்விலிருந்து உயரும் ஒவ்வொரு கணமும் தரவுக் கம்பியில் இருக்கும் பிட் உள்ளே எடுத்துக்கொள்ளப்படும். 101 என்று தொடங்கினால் அது திரைக்கான எழுத்து. அடுத்த ஆறு பிட்டுகள் முகவரி. அதற்குப் பின் நான்கு நான்காக வருபவை எந்தக் கோடு ஒளிர வேண்டும் என்பதைச் சொல்பவை. திரையில் 8 வரும்போதும் 1 வரும்போதும் எந்தப் பிட்டுகள் மாறுகின்றன என்று ஒரு மாலை நேரம் உட்கார்ந்து ஒப்பிட்டால் முழு அட்டவணையும் கிடைத்துவிடும். நான் ஒரு மீட்டரில் இப்படித்தான் செய்தேன்.

இதன் பெரிய நன்மை, திரை சொல்லும் எண்ணும் கணினி எழுதும் எண்ணும் என்றும் ஒன்றாகவே இருக்கும் என்பது. தவிர, டிஜிட்டல் சிக்னல் என்பதால் ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் ஆப்டோகப்ளர் வைத்து மீட்டரையும் கணினியையும் மின்வழியில் முற்றிலும் பிரித்துவிடலாம். குறை என்னவென்றால், திரை நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் புதுப்பிக்கப்படும். உங்கள் போர்டில் கறுப்புப் பிசினுக்குக் கீழே இருக்கும் சிப்பே திரையை நேரடியாக இயக்கினால், அந்த மூன்று கம்பிகளே இருக்காது. அப்போது செம்புத்தடம் சொல்வதுதான் வழி.

மாறிலி:

இருவருக்கும் நன்றி. திரைக்குத் தனி ஐசி இல்லை. பிசின் சிப்பிலிருந்தே திரைக்குக் கம்பிகள் போகின்றன. ஆகவே மின்னழுத்தத்தைத் தேடினேன். வெற்றுத் துளைகளில் ஒன்றில் சம அளவு கூடுகிற மின்னழுத்தம் கிடைத்தது. மல்டிமீட்டரின் கறுப்புக் கம்பியைப் பேட்டரியின் எதிர்முனையில் வைத்து அளந்தேன். திரையில் 45 இருக்கும்போது 4.75 வோல்ட், 79 இருக்கும்போது 5.09 வோல்ட். 34 டெசிபலுக்கு 0.34 வோல்ட் என்பதால் ஒரு டெசிபலுக்கு 10 மில்லிவோல்ட் என்ற கணக்கு அப்படியே பொருந்துகிறது. 70 டெசிபலில் ரேஞ்சை மாற்றிப் பார்த்தேன், அளவு அசையவில்லை.

ஆனால் இரண்டு குழப்பங்கள். முதலாவது, 45 டெசிபலுக்கு 0.45 வோல்ட்தானே வர வேண்டும், 4.75 எப்படி வருகிறது? அதுவும் நிலையாக இல்லை: மீட்டரைச் சில மணி நேரம் ஓடவிட்டு, அதே 45 டெசிபலில் மறுபடி அளந்தபோது 4.60 ஆகிவிட்டது. இரண்டாவது, இரவு முழுவதும் ஓட வேண்டுமே என்று யூஎஸ்பியின் 5 வோல்ட்டை 9 வோல்ட்டாக உயர்த்தும் ஒரு சிறு மாட்யூலைப் பேட்டரிக்குப் பதிலாக வைத்தேன். மீட்டர் தனியாக நன்றாகவே ஓடியது. ஜாக்கின் வெளியுறைக்கான துளையை ஆர்டுயினோவின் கிரவுண்டுடன் இணைத்த கணத்தில் திரையில் எண் உறைந்துபோய், பிறகு வெறும் கோடுகள் மட்டும் தெரிந்தன. உடனே கழற்றிவிட்டேன். பேட்டரி போட்டால் மீட்டர் இப்போதும் சரியாகவே வேலை செய்கிறது. எங்கே தவறு செய்தேன்?

நேர்கோடு:

உங்கள் இரண்டு குழப்பங்களுக்கும் காரணம் ஒன்றுதான், மாறிலி. உடனே கழற்றியது நல்லது.

ஒலி சிக்னல் பூஜ்யத்துக்கு மேலும் கீழும் ஆடும் ஒன்று. அதைக் கையாளும் ஆப்-ஆம்புகளுக்கு நேர், எதிர் என இரண்டு மின்வழங்கல்கள் வேண்டும். ஒற்றை 9 வோல்ட் பேட்டரியை வைத்துக்கொண்டு அதைச் சாதிக்க, இரண்டு சம மின்தடைகளால் பேட்டரியைப் பாதியாகப் பிரித்து, அந்த நடுப்புள்ளியை ஓர் ஆப்-ஆம்பால் தாங்கிப் பிடித்து, அதையே சர்க்யூட் முழுவதுக்கும் கிரவுண்டாகக் கொடுத்துவிடுவார்கள். இந்தச் செயற்கைக் கிரவுண்டும் பேட்டரியின் எதிர்முனையும் வேறு வேறு. நீங்கள் முதலில் அளந்தபோது பேட்டரி 8.6 வோல்ட் இருந்திருக்க வேண்டும். அதில் பாதி 4.3, அதோடு 45 டெசிபலுக்கான 0.45 சேர்ந்தால் 4.75. பிறகு பேட்டரி 8.3 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும், பாதி 4.15, அதோடு 0.45 சேர்ந்தால் 4.60. மீட்டரின் சிக்னல் சற்றும் நகரவில்லை. நீங்கள் நின்று அளந்த தரைதான் இறங்கிக்கொண்டிருந்தது. ஜாக்கின் வெளியுறைத் துளை இந்தச் செயற்கைக் கிரவுண்டோடுதான் இணைந்திருக்கும். கறுப்புக் கம்பியை அதற்கு மாற்றிப் பாருங்கள், 0.45 வரும்.

இனி இரண்டாவது. நீங்கள் வைத்த உயர்த்தும் மாட்யூலில் உள்ளீட்டின் எதிர்முனையும் வெளியீட்டின் எதிர்முனையும் உள்ளே ஒன்றாக இணைந்திருக்கும். எனவே மீட்டரின் பேட்டரி எதிர்முனை யூஎஸ்பியின் கிரவுண்டாகிவிட்டது. ஆர்டுயினோவின் கிரவுண்டும் அதுவேதான். அதை ஜாக்கின் வெளியுறையுடன் சேர்த்தபோது, செயற்கைக் கிரவுண்டைப் பேட்டரியின் எதிர்முனையோடு நேரடியாக ஷார்ட் செய்துவிட்டீர்கள்.

தீர்வு: மீட்டருக்குப் பேட்டரியையே வையுங்கள். பேட்டரி எதனோடும் இணைக்கப்படாமல் மிதக்கும் வரை, செயற்கைக் கிரவுண்டை ஆர்டுயினோவின் கிரவுண்டுடன் தாராளமாக இணைக்கலாம். எந்த ஷார்ட்டும் வராது. பேட்டரியுடன் தொடராக மல்டிமீட்டரை வைத்து மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். 10 மில்லியாம்பியர் அளவில் இருந்தால், 500 மில்லியாம்பியர்-மணி அளவுள்ள ஆல்கலைன் பேட்டரி சில இரவுகளைத் தாங்கும். வெளியிலிருந்துதான் மின்சாரம் கொடுக்க வேண்டும் என்றால் உள்ளீடும் வெளியீடும் மின்வழியில் பிரிக்கப்பட்ட மாட்யூல் வேண்டும். அதுவும் தன் சுவிட்சிங் இரைச்சலை அனலாக் பகுதிக்குள் கொண்டுவரக்கூடும் என்பதால் நான் பேட்டரியைத்தான் விரும்புவேன்.

துளையிலிருந்து ஆர்டுயினோவுக்கு நேராகக் கம்பி இழுக்காதீர்கள். எம்சிபி6002 போன்ற ஓர் ஆப்-ஆம்பை ஆர்டுயினோவின் 5 வோல்ட்டில் இயக்கி, மின்னழுத்தப் பின்தொடரியாக (உள்ளீட்டு மின்னழுத்தத்தை அப்படியே வெளியே தரும் அமைப்பாக) நடுவில் வையுங்கள். கேபிளின் சுமை மீட்டரை எட்டாது. அதன் வெளியீட்டில் 1 கிலோஓம் மின்தடையும் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் போதும். அதன் நேர மாறிலி 1 மில்லிநொடிதான். ஃபாஸ்ட் அமைப்பின் 125 மில்லிநொடியை அது எந்த வகையிலும் பாதிக்காது.

ஆர்டுயினோ யூனோ இயல்பாக 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கும். ஒரு படி 4.9 மில்லிவோல்ட், அதாவது அரை டெசிபல். அந்த 5 வோல்ட்டும் யூஎஸ்பியிலிருந்து வருவதால் நிலையானது அல்ல. உள்ளேயிருக்கும் 1.1 வோல்ட் ஒப்பு மின்னழுத்தத்துக்கு மாற்றிவிட்டால் ஒரு படி 0.1 டெசிபலுக்கு இறங்கிவிடும். அது சிப்புக்குச் சிப்பு 1.0 முதல் 1.2 வரை இருக்கலாம். ஆனால் ஒரே சிப்பில் நிலையாக நிற்கும் என்பதால் ஒருமுறை ஒப்பிட்டுத் திருத்தினால் போதும். இதில் 110 டெசிபலுக்கு மேல் படிக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். படுக்கையறைக்கு அது பிரச்சினையே இல்லை. ஆனால் மீட்டரைச் சரிபார்ப்பதற்காக 94, 114 டெசிபல் என்ற நிலையான ஒலியைத் தரும் கேலிபரேட்டரை யாரேனும் கொண்டுவந்து மாட்டினால், 114இல் எண் உச்சியில் முட்டி நின்றுவிடும். அதைப் பழுது என்று எண்ணிவிடக் கூடாது.

மீட்டர் சிறிது நேரத்தில் தானாக அணைந்துவிடும் வசதி உங்களுடையதில் இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். பல மீட்டர்களில் ஒரு குறிப்பிட்ட பொத்தானை அழுத்தியபடி இயக்கினால் அது முடக்கப்படும்.

மெல்லொலி:

நேர்கோடு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். லேப்டாப்பை மீட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதன் மின்விசிறி அமைதியான அறையில் எளிதாக 35 டெசிபலைத் தொடும். பிறகு நீங்கள் லேப்டாப்பைத்தான் இரவு முழுவதும் அளந்துகொண்டிருப்பீர்கள். இது மெதுவாக மாறும் மின்னழுத்தம் என்பதால் ஐந்து மீட்டர் ஷீல்டு கேபிள் போட்டு அடுத்த அறைக்குக் கொண்டுபோகலாம். மீட்டரை மேசைமேல் கிடத்தாமல் முக்காலியில் நிறுத்துங்கள். மேசைப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒலியும் இயந்திரத்தின் அதிர்வும் அளவீட்டில் கலந்துவிடும்.

மாறிலி:

வேலை செய்கிறது! கறுப்புக் கம்பியை வெளியுறைத் துளைக்கு மாற்றியதும் 45 டெசிபலில் மிகச் சரியாக 0.45 வோல்ட். மின்னோட்டம் 9 மில்லியாம்பியர், பேட்டரியே போதும். பவர் பொத்தானோடு ஹோல்டு பொத்தானையும் அழுத்திப் பிடித்தால் தானாக அணைவது நின்றுவிடுகிறது.

ஒப்பிட்டுத் திருத்தியதையும் எழுதுகிறேன், வேறு யாருக்கேனும் உதவும். சீரான தொனியில் திரை 45.2 காட்டும்போது ஆர்டுயினோவின் எண் 429, 78.6 காட்டும்போது 745. ஆகவே ஒரு படி 0.1057 டெசிபல். நடுவில் சரிபார்க்க ஒலியைக் குறைத்து எண்ணை 587இல் நிறுத்தினேன், கணக்குப்படி 61.9 வர வேண்டும், திரையிலும் 61.9 இருந்தது. நொடிக்கு எட்டு அளவீடுகள். நேரத்தைக் கணினியே ஒவ்வொரு வரியிலும் எழுதுகிறது. முதல் இரவில் 2,30,400 வரிகள் சேர்ந்தன. இயந்திரம் கிளம்பும் உறுமல் ஒவ்வொன்றும் கூர்முனையாகத் தெரிகிறது. இத்தனை நாள் காதால் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தபோது எனக்குப் பெரிய நிம்மதி.

இனி ஒரு கேள்வி மட்டும். இயந்திரம் மணிக்குச் சுமார் 10 நிமிடம் ஓடுகிறது. அப்போது 52 டெசிபல். மற்ற 50 நிமிடங்கள் 34 டெசிபல். ஒரு மணி நேரத்துக்குச் சராசரி எடுத்தால் 37 வருகிறது. படுக்கையில் கிடப்பவர் உணர்வதற்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லையே?

நேர்கோடு:

டெசிபல் எண்களை அப்படியே கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது, அவை மடக்கைகள். ஒவ்வொரு அளவீட்டையும் 10ஆல் வகுத்து, 10இன் அடுக்காக ஆற்றலுக்கு மாற்றி, அந்த ஆற்றல்களின் சராசரியை எடுத்து, திரும்ப மடக்கையாக்கி 10ஆல் பெருக்குங்கள். உங்கள் எண்களுக்கு அது 44.5 டெசிபல் தரும். சமான ஒலிமட்டம் என்பது இதுதான்; உங்கள் 37க்கும் இதற்கும் ஏழரை டெசிபல் இடைவெளி. இயந்திரம் ஓடும் அந்தப் பத்து நிமிடங்களின் ஆற்றல்தான் ஏறத்தாழ மொத்தத்தையும் தீர்மானிக்கிறது.

இந்த ஒற்றை எண்ணோடு நிற்க வேண்டாம். எல்லா வரிகளையும் இறங்குவரிசையில் அடுக்கி, 10 விழுக்காடு நேரம் தாண்டப்படும் மட்டத்தையும் 90 விழுக்காடு நேரம் தாண்டப்படும் மட்டத்தையும் எடுங்கள். முன்னது இயந்திரத்தைக் காட்டும், உங்களுக்கு 52 வரும். பின்னது இயந்திரம் இல்லாதபோது அறை எவ்வளவு அமைதியானது என்பதைக் காட்டும், 34 வரும். இவ்விரண்டுக்கும் உள்ள 18 டெசிபல் இடைவெளி உங்கள் சிக்கலைச் சராசரியைவிட நன்றாகச் சொல்லும். ஆனால் அந்த 34ஐ முழுமையாக நம்பாதீர்கள். உங்கள் மீட்டரின் அளவு 30இல் தொடங்குகிறது. அதன் சொந்த இரைச்சல் 30 என்று வைத்துக்கொண்டால், அது 34 காட்டும்போது அறையின் உண்மையான மட்டம் 32க்கும் சற்றுக் கீழேதான்.

செம்புத்தடம்:

நீங்கள் பதிவு செய்தது ஏ வெயிட்டிங்கில் என்று எடுத்துக்கொள்கிறேன். கம்ப்ரசரின் உறுமல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கும். ஏ வெயிட்டிங் 100 ஹெர்ட்ஸில் 19.1 டெசிபலைக் கழித்துவிடுகிறது. சி வெயிட்டிங் அங்கே ஏறத்தாழ எதையும் கழிப்பதில்லை. அடுத்த இரவு மீட்டரை அதே இடத்தில், அதே உயரத்தில் வைத்து, சி வெயிட்டிங்கில் ஒரு முழுப் பதிவு எடுங்கள். இயந்திரம் ஓடும் நிமிடங்களில் சி அளவு ஏ அளவைவிட 15, 20 டெசிபல் கூடுதலாக இருந்தால், உங்களை எழுப்புவது காற்றில் வரும் விசிறிச் சத்தத்தைவிடக் கம்ப்ரசரின் தாழ்ந்த உறுமல்தான் என்று கொள்ளலாம். அப்படியானால் சன்னலை அடைப்பதற்கு முன் இயந்திரத்தின் தாங்கிகளுக்குக் கீழே உள்ள ரப்பர் திண்டுகளைப் பாருங்கள். அந்தப் பதிவு வந்ததும் இரண்டு இரவுகளின் வரைபடங்களையும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.

அந்த எண்களை யாரிடமாவது முறையீட்டுக்காகக் காட்டும் எண்ணம் இருந்தால் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: மீட்டரைத் திறந்து கம்பி இணைத்திருக்கிறீர்கள். மறுபடி கேலிபரேட் செய்யும் வரை அதன் பழைய அளவுத்திருத்தச் சான்றிதழை முன்வைக்க முடியாது. 1000 ஹெர்ட்ஸில் 94 டெசிபல் தரும் கேலிபரேட்டரை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி, பதிவுக்கு முன்னும் பின்னும் மைக்கில் மாட்டி, அந்த ஒரு நிமிடத்தையும் பதிவிலேயே சேர்த்துவிடுங்கள்.